குருமனையும் தள்ளுதற்சீட்டும்

விவாகரத்தான ஒரு குரு லுத்தரன் திருச்சபையில் தொடர்ந்து ஊழியம் செய்யலாமா? சென்ற மாதம் நண்பர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் 'கூடாது' என்று தானே சொல்லிக்கொண்டார். இன்னொரு நண்பர் 'ஏன் கூடாது, அது அவருடைய அந்தரங்கம்' என்றார். இரண்டு பதில்களிலும் ஒரு சௌகரியம் இருப்பதாக எனக்குப் பட்டது. இரண்டிலும் குரு மட்டுமே இருக்கிறார். அவர் தள்ளிய அல்லது அவரைத் தள்ளிய மனைவி இல்லை. இக்கட்டுரை அந்த விடுபடலைப் பற்றியது. திருச்சியில் இருந்துகொண்டு யோசிப்பதால் இந்த ஊரின் சரித்திரத்தினூடாகவே யோசிக்கிறேன்.

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919ல் அமைந்தது. அதன் பேராயருக்குத் தரங்கம்பாடிப் பேராயர் என்று பெயர். தலைமையகம் இருப்பதோ திருச்சியில், தரங்கைவாசம் என்ற வளாகத்தில். 1706ல் சீகன்பால்கு கப்பலிலிருந்து இறங்கிய கடற்கரையின் பெயரைச் சபை காவிரிக்கரைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சபையின் ஜனங்கள் குருவை 'ஐயர்' என்பார்கள். அவர் மனைவி 'ஐயரம்மா'. அவர்கள் குடியிருக்கும் வீடு 'குருமனை'. காவேரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஐயர் என்றால் வேறு அர்த்தம் என்று சிறுவயதில் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஐயர் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தவர்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குருமனை. ஊரைச் சொல்லப் போவதில்லை. சபையையும் சொல்லப் போவதில்லை. 1972 என்று நினைவு. ஒரு நாள் இருட்டிய பிறகு ஐயரம்மா ஒரு தகரப் பெட்டியுடன் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். "இது இங்கே இருக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாளின் ரவிக்கைக் கைகள் எல்லாப் பெண்களுடையதையும்விட நீளமாக, முழங்கை தாண்டித் தைக்கப்பட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று பிற்பாடுதான் புரிந்தது. ஆறு மாதத்தில் ஐயருக்கு வேறு குருசேகரத்துக்கு மாற்றலாயிற்று. வழியனுப்புக் கூட்டம் நடந்தது, மாலை போட்டார்கள். ஐயரம்மா கூடப் போகவில்லை. அது குறித்து யாரும் பேசவில்லை.

அந்த அம்மாள் ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோனார். தன்னை யாருக்கும் தெரியாத ஊர் எது என்று தேடியவருக்குப் பாலத்துக்கு அப்பால் இருந்தால் போதும் என்று பட்டிருக்கிறது. உத்தர வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு போர்ஷன். பிள்ளைகளுக்குக் கணக்கும் இங்கிலீஷும் டியூஷன். ஞாயிறுதோறும் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறித் திருச்சிக்கு வந்து, கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, நற்கருணைக்கு எழுந்து போகாமல் திரும்பிவிடுவார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. கூப்பிடவும் இல்லை.

கல்லூரிக் காலத்தில் அவரைப் போய்ப் பார்ப்பேன். ஒரு முறை கேட்டேன்: "அம்மா, நீங்க ஏன் கோர்ட்டுக்குப் போகலை?" சிரித்தார். "போனேனே தம்பி. அடிச்சது மட்டும் போதாதும்மா, அவருக்கு வேற ஏதாவது தொடுப்பு உண்டான்னு வக்கீல் கேட்டார். இல்லைன்னேன். அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டார்."

வக்கீல் சட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார். 1869ஆம் வருஷத்து இந்திய விவாகரத்துச் சட்டம் இந்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்காக இயற்றப்பட்டது. அதன் 10ஆவது பிரிவின்படி, மனைவி சோரம் போனாள் என்று நிரூபித்தால் கணவனுக்கு விவாகரத்து உண்டு. மனைவிக்கு அது மட்டும் போதாது. கணவனின் சோரத்தோடு கொடுமையையோ, இரண்டு வருஷக் கைவிடலையோ, இரண்டாம் கல்யாணத்தையோ, அதைப் போன்ற வேறொன்றையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். கொடுமை மட்டும் என்றால் கோர்ட் மூலம் பிரிந்து வாழலாம், கட்டு அறாது. ஜில்லாக் கோர்ட் அளித்த தீர்ப்பை உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் உறுதி செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வேறு. இந்தப் பாரபட்சம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 1953ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது. கணவனின் சோரத்தால் பிறக்கும் குழந்தை மனைவியின் தலையில் விழுவதில்லை, மனைவியின் சோரத்தால் பிறப்பது கணவன் தலையில் விழும், ஆகவே வித்தியாசம் நியாயமானதே என்று வழக்கு தள்ளுபடியாயிற்று. கேரள உயர்நீதிமன்றம் 1995ல் இப்பிரிவை உடைத்தது. பாராளுமன்றம் 2001ல்தான் திருத்தியது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே காரணங்கள்; கொடுமையும் தனியாகவே போதும்; இரண்டு வருஷம் பிரிந்திருந்தால் பரஸ்பர சம்மதத்தோடும் பிரியலாம். ஸ்ரீரங்கத்து அம்மாள் 1998ல் காலமானார்.

இந்த 132 வருஷங்கள் சபைக்கு என்ன செய்தன என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. விவாகரத்து என்றால் யாரோ ஒருவர் சோரம் போனதாகக் கோர்ட்டில் நிரூபணமாகியிருக்க வேண்டும். ஆகவே விவாகரத்தான குரு என்றால் ஒன்று சோரம் போன மனைவியின் புருஷன், அல்லது தானே சோரம் போய் அதற்கு மேலும் ஒரு பாதகம் செய்தவன். முதலாமவருக்கு அனுதாபம், இரண்டாமவருக்குப் பதவி நீக்கம். சபை தனியாகத் தீர விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சர்க்கார் விசாரித்துக் கொடுத்துவிட்டது. மனைவியை அடித்துத் துரத்திய குருவோ இந்தக் கணக்கில் வரவே மாட்டார். அவர் விவாகரத்தானவர் அல்லவே! எங்கள் ஐயர் ஓய்வு பெறும்வரை ஊழியத்தில் இருந்தார். அவருடைய மனைவி 'ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார்'. அவ்வளவுதான்.

2001க்குப் பிறகு நிலைமை வேறு. பரஸ்பர சம்மதத்தில் குற்றவாளி என்று ஒருவர் இல்லை. சர்க்கார் செய்துகொடுத்த வேலையைச் சபை இனித் தானே செய்ய வேண்டும். 'விவாகரத்தான குரு' என்ற கேள்வி இன்று உரத்துக் கேட்பதற்குக் காரணம் ஒழுக்கம் குறைந்துபோனதல்ல, இதுதான் என்று நினைக்கிறேன்.

லுத்தர் இதில் என்ன சொன்னார் என்பது அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடக்கூடியதல்ல. விவாகம் ஒரு திருவருட்சாதனம் அல்ல என்று 1520ல் எழுதினார். 1529ல் விவாகச் சடங்கு குறித்து எழுதியபோது கல்யாணம் உலகக் காரியம், அதன் ஒழுங்குகள் அந்தந்த ஊர் அதிகாரத்தைச் சேர்ந்தவை என்றார். அதே மனிதர் விவாகரத்தை எவ்வளவு வெறுத்தாரென்றால், அதைக் காட்டிலும் இரண்டு தாரம் பரவாயில்லை என்றும் 1520ல் எழுதினார். மெலாங்க்தோன் 1537ல் எழுதிய ஆவணம் ஒன்று, குற்றமற்ற பக்கத்தார் மறுமணம் செய்யக் கூடாது என்னும் போப்பின் விதி அநியாயம் என்கிறது. லுத்தரன் விசுவாச அறிக்கைகள் 1580ல் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டபோது அதில் இதுவும் இடம்பெற்றது. அதாவது கொள்கை அளவில், லுத்தரனுக்கு விவாகரத்து துக்ககரமான உலகக் காரியம். கட்டு அறவே முடியாது என்ற கத்தோலிக்க நிலை இங்கு இல்லை.

ஆனால் லுத்தர் இன்னொன்றும் செய்தார். 1525ல், துறவு மடத்தை விட்டு வெளியேறிய காதரினா என்ற கன்னியாஸ்திரீயை மணந்துகொண்டு, விட்டன்பர்க்கில் தாம் துறவியாக இருந்த அதே அகஸ்டின் மடத்தில் குடித்தனம் நடத்தினார். மடம் வீடாயிற்று. அன்று தொடங்கி லுத்தரன் குரு குடும்பஸ்தன். குருமனை சபைக்கு ஒரு காட்சிப் பொருள். விவாகத்தைச் சாதனங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, குருவின் விவாகத்தை மட்டும் சாதனத்துக்குச் சமமாக உயர்த்தி வைத்துக்கொண்டது மறைமுகமாக நிகழ்ந்த காரியம். பிரசங்க பீடத்துக்கு நிகராக ஐயரம்மாவின் நடை, உடை, சமையலறை எல்லாம் சபையின் பார்வையில் நிற்பது அதனால்தான். ஒரு குருவின் குடும்பம் உடையும்போது ஜனங்கள் கலங்குவது கொள்கை உடைந்ததற்காக அல்ல, காட்சி உடைந்ததற்காக.

இந்த ஊரிலேயே இதற்கு நேர் எதிரான ஒரு சரித்திரம் இருக்கிறது. ராமானுஜர் காஞ்சியில் இல்லறத்தில் இருந்தபோது, பெரிய நம்பியின் மனைவிக்கும் தம் மனைவி தஞ்சமாம்பாளுக்கும் கிணற்றடியில் நீர் சிந்தியது பற்றித் தகராறு வந்ததாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அதைக் கேட்டு மனம் நொந்த ராமானுஜர், மாமனார் அனுப்பியதைப் போல ஒரு கடிதம் தயாரித்து மனைவியைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டுச் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். பிறகு ஸ்ரீரங்கத்துக்கு அழைக்கப்பட்டு வைணவத்தின் தலைவரானார். இங்கு வீடு மடமாயிற்று. அவருடைய தகுதியைப் பற்றி எவரும் கேட்டதில்லை. துறவு அந்தக் கேள்வியை முன்கூட்டியே தீர்த்துவிட்டது. கதை தஞ்சமாம்பாளைத் தகப்பன் வீட்டு வாசலில் விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிடுகிறது. ராமானுஜரின் திருமேனி இருக்கும் சந்நிதிக்குச் சில வீதிகள் தள்ளி எங்கள் ஐயரம்மா டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதை நான் குறியீடாக்க விரும்பவில்லை. இரண்டு மரபுகளும் இந்த ஓர் இடத்தில் ஒன்றாக நடந்துகொள்கின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

திருச்சியின் முதல் லுத்தரன் பெயர் ஷ்வார்ட்ஸ். 1762ல் இங்கே வந்தார். 1766ல் கோட்டைக்குள் அவர் கட்டிய கிறிஸ்து ஆலயம் தெப்பக்குளத்தருகே இன்றும் நிற்கிறது; இன்று அது லுத்தரன் கோயில் அல்ல, தென்னிந்தியத் திருச்சபைக்குச் சொந்தம். அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. அவரிடம் ஒரு பெண் ஞானஸ்நானம் கேட்டாள். தஞ்சாவூர் மராத்திய பிராமண விதவை; ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமின்றி வாழ்ந்துகொண்டிருந்தாள். அந்த உறவு நீடிக்கும்வரை கொடுப்பதற்கில்லை என்று ஷ்வார்ட்ஸ் சொல்லிவிட்டார். அதிகாரி இறந்தபிறகு, 1778ல் பாளையங்கோட்டையில் அவளுக்குக் கிளாரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுத்தார். அவள் 1785ல் அங்கே ஒரு கோயில் கட்டினாள். மாதவையா 1915ல் அவளை வைத்து ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். ஷ்வார்ட்ஸ் நேர்மையான மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் வாசலுக்கு வெளியே காத்திருந்தது யார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்களில் ஆங்கிலிக்கன் மிஷனரிகள் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்புக் காட்டியபோது, மனம் கசந்த பலர் லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபையில் சேர்ந்தார்கள். சாதி சமூகக் காரியம், உலக ஒழுங்கைச் சேர்ந்தது, மெதுவாகத்தான் கரையும் என்பது லைப்சிக் மிஷனின் வாதம். அதே 'உலகக் காரியம்' என்ற வார்த்தைதான் லுத்தர் விவாகத்துக்குப் பிரயோகித்ததும். ஓர் உலகக் காரியத்துக்கு இவ்வளவு பொறுமை காட்டிய சபை, இன்னோர் உலகக் காரியத்தில் பொறுமையே கூடாது என்று சொல்லுமானால், அளக்கிற கோல் வேதத்திலிருந்து வரவில்லை, குடும்ப மானத்திலிருந்து வருகிறது என்றுதான் நான் முடிவு கட்டுவேன்.

கூடாது என்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், கண்காணி ஒரு மனைவியை உடையவனாயும் தன் வீட்டை நன்றாக நடத்துகிறவனாயும் இருக்கக் கேட்கிறது. 'ஒரு மனைவி' என்பது இரு தாரத்தைத் தடுப்பதா, தாரமிழந்தவனின் மறுமணத்தைத் தடுப்பதா, விவாகரத்தைத் தடுப்பதா என்று வியாக்கியானக்காரர்கள் தீர்ந்தபாடில்லை. தாரமிழந்த குரு மறுமணம் செய்வதை எங்கள் சபை ஆட்சேபித்து நான் கண்டதில்லை. "நான் செத்திருந்தால் அவருக்குச் சபையே பெண் பார்த்திருக்கும்" என்று ஸ்ரீரங்கத்து அம்மாள் ஒரு முறை சொன்னார். ஆனால் வீட்டை நடத்துவது பற்றிய வாக்கியத்தில் வியாக்கியானக் குழப்பம் இல்லை. மணமக்களுக்குப் புத்தி சொல்கிறவனிடம் சபை இதைக் கேட்க நியாயம் உண்டு. இளகினால் அது ஆண்களுக்கே லாபமாக முடியும் என்ற பயமும் நியாயமானது. சலித்துப்போன மனைவியைச் சம்மதக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டு அடுத்த ஞாயிறு பீடத்தில் ஏற எவனாலும் முடியும்.

லுத்தரன் உலகமும் இதில் ஒன்றாக இல்லை. மிசௌரி சினோடு வேதத்தில் சொன்ன காரணமின்றி நேர்ந்த விவாகரத்தைப் பாவமென்றே நடத்துகிறது. அதன் இறையியல் குழு 1987ல் விவாகரத்தும் மறுமணமும் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டது. தமிழ்நாட்டில் அந்த மிஷன் 1895ல் தொடங்கியது. ஜெர்மனியிலோ, ஹனோவர் லுத்தரன் சபையின் பேராயர் மார்கோட் கேஸ்மான் 2007ல் விவாகரத்துப் பெற்றார்; பதவியில் நீடித்தார். 2009ல் ஜெர்மனியின் புரொடஸ்டண்ட் சபைகள் அனைத்துக்கும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2010 பிப்ரவரியில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டபோது, தாமாகவே இரண்டு பொறுப்புகளையும் விட்டு விலகினார். தம் வார்த்தைக்கு இருந்த அதிகாரம் சேதப்பட்டுவிட்டது என்று அவரே கருதினார். விவாகரத்து அவருடைய வார்த்தையைக் கெடுக்கவில்லை, அந்த ஓர் இரவு கெடுத்தது. எனக்கு இது யோசிக்கத் தகுந்த வித்தியாசமாகப் படுகிறது.

1530ஆம் வருஷத்து ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் இதற்கு உதவக்கூடிய இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 8ஆவது பிரிவு, சாதனங்களை நடத்துகிறவன் பொல்லாதவனாக இருந்தாலும் அவற்றின் பலன் கெடாது என்கிறது. ஆகவே விவாகரத்தான குருவின் கையால் பெறும் நற்கருணைக்குத் தீட்டு ஒன்றும் இல்லை. தூய்மை என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது. 14ஆவது பிரிவு, முறைப்படி அழைக்கப்படாமல் எவனும் பகிரங்கமாய்ப் போதிக்கலாகாது என்கிறது. அந்தரங்கம் என்ற வாதமும் இதில் அடிபட்டுப் போகிறது. குருத்துவம் தனிச்சொத்தல்ல, நம்பி ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு.

கேட்க வேண்டியது என்ன? விவாகரத்தானவரா இல்லையா என்பதல்ல. அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது, அதை யார் சொல்லக் கேட்டோம் என்பது. குருமனை உத்தியோகத்தோடு சேர்ந்த வீடு. கல்யாணம் முறிந்தால் மனைவிக்குக் கணவன் மட்டும் போவதில்லை; கூரை போகிறது, சபை போகிறது, 'ஐயரம்மா' என்ற பெயரும் போகிறது. ஆகவே முதலில் அவளைக் கேட்க வேண்டும். அவளுக்கு ஒரு வீடும் ஜீவனமும் பெஞ்சில் ஓர் இடமும் ஏற்பாடாகும்வரை குருவைப் பற்றிய விவாதத்தை எடுக்கவே கூடாது. அதன்பின், தவறு நேர்ந்த குரு அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டிருந்தால், தள்ளப்பட்டவர் அவரே என்றால், அல்லது இருவரும் கண்ணியமாகப் பிரிந்திருந்தால், அவர் ஊழியத்தில் இருக்கலாம் என்பதே என் கட்சி. கொடுமை செய்தவர் இருக்கக் கூடாது, அவர் விவாகரத்து ஆகாதவராக இருந்தாலும். குரு பெண்ணாக இருந்தாலும் இதே தராசுதான்.

இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் எந்தச் சபையும் எழுதத் தயங்கும் என்று நினைக்கிறேன். விவாகரத்து ஆனவர்களை எண்ணிவிடலாம், கோர்ட்டில் பதிவு இருக்கும். ஆகாதவர்களை எண்ண வேண்டுமானால் ஒவ்வொரு குருமனையின் பின்வாசலுக்கும் போக வேண்டும்.

பெட்டி வெகு நாள் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அம்மா தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது அதைத் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். 1980ல் நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். அந்த அம்மாள் திறந்து பார்த்தார். இரண்டு புடவை, சான்றிதழ்கள், ஒரு கல்யாண போட்டோ. போட்டோவைத் திருப்பி வைத்துவிட்டுச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டார். "காப்பி சாப்பிடுறியா தம்பி" என்று உள்ளே போனார்.